கப்பல் வருகிறது, பகுப்பாய்வு அறிக்கை வருவதில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதென்றாலும் முழுவதும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போதைப்பொருள் ஒழிப்புக்கென்று ஏதாவது ஒரு வெளிநாடு நமக்கு உதவி தரும்போதெல்லாம் பேஸ்புக்கில் ஒரே காட்சிதான். தூதுவர் சிரித்தபடி நிற்பார், பக்கத்தில் நமது அதிகாரிகள், பின்னால் ஒரு கப்பலோ வாகனமோ கணினியோ. கீழே கருத்துகள் இரண்டாகப் பிரியும். "நாட்டை விற்கிறார்கள், அமெரிக்கனின் சதி" என்று ஒரு பக்கம். "மாஷா அல்லாஹ், நல்ல விசயம், பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்" என்று மறுபக்கம்.

இரண்டு பக்கமும் பார்ப்பது யார் தருகிறார் என்பதை. எதற்குத் தருகிறார், அது நம் ஊர்ப் பிள்ளை வரைக்கும் வந்து சேருகிறதா என்று கேட்பவர் குறைவு. கரையோர ஊர் ஒன்றில் படிப்பிக்கிற ஆசிரியன் என்ற வகையில் எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

ஒரு பக்கெட் ஐஸ் எப்படிப் பயணம் செய்கிறது என்று பாருங்கள். முதலில் கடல். பிறகு பொலிஸ். பிறகு நீதிமன்றமும் இரசாயனப் பகுப்பாய்வும். பிறகு சிறை அல்லது புனர்வாழ்வு. கடைசியில் வீடும் பாடசாலையும். இது ஒரு சங்கிலி. இந்த நாட்டுக்கு வரும் உதவியில் கண்ணில் படுவது எல்லாம் முதல் இரண்டு வளையத்தில்தான். நம் பிள்ளைகள் அறுபடுவது கடைசி மூன்று வளையத்தில்.

முதலில் கடலைப் பார்ப்போம். கடற்படையின் கஜபாகு என்ற கப்பல் அமெரிக்கக் கரையோரக் காவல் படையின் பழைய 'ஷெர்மன்'. 2018ல் கையளித்தார்கள். விஜயபாகுவும் அப்படித்தான், பழைய பெயர் 'டக்ளஸ் மன்றோ', 2021ல் கையளித்தார்கள். அதற்கு முன்பே 'சமுதுர' வந்திருந்தது. ஜப்பான் 2018ல் கரையோரக் காவல் திணைக்களத்துக்கு இரண்டு ரோந்துக் கப்பல்கள் கொடுத்தது. கப்பலில் ஏறிச் சோதனையிடும் பயிற்சிக்கு ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் உதவுகிறது. 2023 நவம்பரில் இலங்கை, பஹ்ரைனைத் தளமாகக் கொண்ட கூட்டுக் கடற்படையில் 39வது உறுப்பு நாடாகவும் சேர்ந்தது.

இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஈரான், பாகிஸ்தான் கரையான மக்ரான் பக்கமிருந்து புறப்படும் சரக்கு நடுக்கடலில் கைமாறி, நமது பல நாள் மீன்பிடிக் கலங்களில் ஏறி வருகிறது. நூற்றுக்கணக்கான கிலோவைக் கடற்படை பிடித்திருக்கிறது. அது உண்மையான வேலை. கரைக்கு வந்திருந்தால் எத்தனை வீடு எரிந்திருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஆனால் தருகிறவன் தன் கணக்கோடுதான் தருகிறான் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2013 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்கு வந்த அவுஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் இரண்டு ரோந்துப் படகுகளை அறிவித்தார். எதற்கு? இங்கிருந்து படகேறி அவுஸ்திரேலியா போகிறவர்களைத் தடுக்க. அவர் அதை மறைக்கவுமில்லை. அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இந்து சமுத்திரத்தில் சீனாவைப் பற்றிய கவலை இருக்கிறது. சீனாவும் 2019ல் 'பராக்கிரமபாகு' என்ற கப்பலைத் தந்தது, அதற்கும் அதன் கணக்கு. கப்பல் தருவது தருகிறவனின் எல்லைக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. ஓர் ஆய்வுகூட இயந்திரமோ, மாவட்ட வைத்தியசாலையில் ஓர் உளநல ஆலோசகரோ யாருடைய எல்லையையும் காப்பதில்லை. நம் பிள்ளையை மட்டும்தான் காக்கும். ஆகவே அதை நாமாகக் கேட்காமல் யாரும் தரப்போவதில்லை.

கடலையும் வயலையும் மட்டும் அடைத்தால் போதும் என்று நினைத்த நாடுகளின் கதை நம் முன்னால் இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் போதைப்பொருள் ஒழிப்புக்கென்றே அமெரிக்கா எட்டு பில்லியன் டொலருக்கும் மேல் செலவழித்தது. ஐ.நா. கணக்குப்படி 2017ல் அங்கே அபின் பயிர் 328,000 ஹெக்டேயர், அதுவரை இல்லாத உச்சம். கொலம்பியாவுக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து ஹெலிகொப்டர், பயிற்சி, மருந்து தெளிக்கும் விமானம் என்று பில்லியன் கணக்கில் போனது. 2023ல் அங்கே கொக்கா பயிர் 253,000 ஹெக்டேயர். மெக்சிக்கோவில் அமெரிக்க உதவி கொட்டிய காலத்தில் பொதுப் பாதுகாப்பு அமைச்சராக இருந்து, உதவித் திட்டத்தின் முகமாகவே நின்றவர் ஜெனாரோ கார்சியா லூனா. அவர் கடத்தல்காரரிடம் இலஞ்சம் வாங்கினார் என்று 2023 பெப்ரவரியில் நியூயோர்க் நீதிமன்றத்தில் நிரூபணமானது. அடுத்த ஆண்டு 38 வருடச் சிறை விதித்தார்கள்.

பணமும் பயிற்சியும் கொடுத்தவர்களே கடைசியில் வழக்கும் போட வேண்டி வந்தது. கருவி கொடுப்பது இலகு. கருவியைப் பிடித்திருக்கும் கையைக் கேள்வி கேட்க ஓர் அமைப்பு வேண்டும். அது இல்லாத இடத்தில் எத்தனை கப்பல் வந்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். ஸ்கொட்லாந்து பொலிஸார் பல வருடங்களாக நமது பொலிஸுக்குப் பயிற்சி கொடுத்து வந்தார்கள். மக்களோடு பழகுவது, விசாரிப்பது, பெண்கள் மீதான வன்முறை முறைப்பாட்டைக் கையாள்வது என்று நல்ல விடயங்கள்தான். ஆனால் இங்கே சித்திரவதையும் தடுப்புக்காவல் மரணமும் தொடர்கிறபோது நாம் ஏன் அங்கே நிற்கிறோம் என்ற கேள்வி அந்த நாட்டிலேயே எழுந்தது. 2021 நவம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று அறிவித்தார்கள். 2022 மார்ச்சோடு அது முடிந்தது.

நல்ல பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. நானும் ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் படித்தவன். மாணவனை அடிக்கக் கூடாது என்று அங்கே எல்லோருக்கும்தான் சொல்லித் தந்தார்கள். வெளியே வந்து அடிக்காமல் இருப்பவர் யார், அடிப்பவர் யார் என்பதைத் தீர்மானிப்பது அந்த விரிவுரை மட்டுமல்ல. அடித்தால் என்ன நடக்கும் என்பதும்தான். ஒன்றும் நடக்காது என்று தெரிந்த இடத்தில் சான்றிதழ் சுவரில் தொங்கும், பிரம்பு கையில் இருக்கும். பொலிஸுக்கும் அதே கதைதான்.

2023 டிசம்பர் 14ஆம் திகதி நமது உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. 2010ல் ஒருவரைச் சித்திரவதை செய்து அவருடைய அடிப்படை உரிமையை மீறிய பொறுப்பு, அப்போது பதில் பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னகோன் உட்பட்ட அதிகாரிகளுக்கு உண்டு என்று. மூன்றே நாளில், டிசம்பர் 17ஆம் திகதி, அவருடைய தலைமையில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது. சிங்களத்தில் யுக்திய என்றால் நீதி.

ஒரு மாதத்துக்குள் கைதானோர் 29 ஆயிரத்துக்கும் மேல். நள்ளிரவில் வீடு புகுந்து தேடுவதைத் தொலைக்காட்சிக் கமெராவோடு காட்டினார்கள். 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் இதை உடனே நிறுத்தி மீளாய்வு செய்யும்படி கேட்டார்கள். அன்றைய அமைச்சர் நிறுத்த மாட்டோம் என்றார். பெப்ரவரியில் தென்னகோன் பொலிஸ் மா அதிபராகவே நியமனமானார். ஜூலையில் உயர் நீதிமன்றம் அவரது பணிக்கு இடைக்காலத் தடை போட்டது. 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

அவர் போய்விட்டார். அந்த 29 ஆயிரம் பேரின் கதை என்ன? எத்தனை பேர் வியாபாரிகள், எத்தனை பேர் பாவனையாளர்கள், எத்தனை பேர் பொய் வழக்கில் மாட்டியவர்கள்? பிரித்தறிய வேண்டிய இடம் நீதிமன்றம். அங்கேதான் நமது சங்கிலி அறுந்து கிடக்கிறது.

சட்டத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள். 1984ல் வந்த திருத்தத்தின்படி இரண்டு கிராமுக்குக் கூடிய ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2022 நவம்பரில் வந்த 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஐஸைக் கொண்டுவந்து ஐந்து கிராம் என்று எல்லை வைத்தது. இந்தப் பிரிவுகளில் மாட்டினால் நீதவான் நினைத்தாலும் பிணை தர முடியாது. விசேட காரணம் காட்டி மேல் நீதிமன்றம் போக வேண்டும். பத்து கிராமோ அதற்கு மேலோ என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம். இங்கே முக்கியமான ஒரு விடயம் இருக்கிறது. சட்டம் கணக்கெடுப்பது பக்கெட்டின் எடையை அல்ல, அதற்குள் இருக்கும் தூய போதைப்பொருளின் எடையை. மாவும் மருந்துத் தூளும் கலந்த பக்கெட்டில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லக்கூடியது அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை மட்டும்தான்.

அந்த அறிக்கை வரும்வரை பையன் விளக்கமறியலில்.

என்னிடம் ஒன்பதாம் ஆண்டில் படித்த ஒருவன். பெயரும் ஊரும் வேண்டாம். கணிதத்தில் கெட்டிக்காரன், ஓ.எல். எழுதாமலே நின்றுவிட்டான். பத்தொன்பது வயதில் ஒரு பக்கெட்டோடு பிடிபட்டான். அவன் பாவித்தவன், அதை நான் மறைக்கவில்லை. பதினான்கு நாளுக்கு ஒரு முறை வழக்குத் திகதி. ஒவ்வொரு முறையும் அறிக்கை வரவில்லை, அடுத்த திகதி. அவனுடைய உம்மா இடியப்பம் அவித்து விற்கிறவர். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காதில் கிடந்ததையும் கழற்றினார். என்னைக் கண்டால் ஒரே வார்த்தைதான்: "சேர், ரிப்போட் இன்னம் வரல்லியாம்." எட்டு மாதம் கழித்து அறிக்கை வந்தபோது, அதில் இருந்த தூய எடை ஒரு கிராமில் சிறு பகுதி. வெளியே வந்தான். எட்டு மாதமாக யாரோடு படுத்து எழும்பினானோ, அவர்களுடைய தொலைபேசி இலக்கங்களோடு வந்தான். போகும்போது பாவனையாளன். வரும்போது அதைவிட மோசமான ஒன்றாக ஆகிவிட்டானோ என்று ஊரே பயந்தது.

இது ஓர் உம்மாவின் கதை மட்டுமில்லை. நமது சிறைகளின் கொள்ளளவு பத்தாயிரத்துச் சொச்சம். உள்ளே இருப்பது முப்பதாயிரத்துக்கும் மேல். பெரும்பகுதி தண்டனை பெற்றவர்களல்ல, விளக்கமறியல் கைதிகள். பாதிக்கு மேல் போதைப்பொருள் வழக்குகள். மூன்று பேர் தூங்கும் இடத்தில் பெரிய வியாபாரியும் முதல் முறை மாட்டிய பிள்ளையும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். வியாபாரிக்கு இதைவிட நல்ல ஆட்சேர்ப்பு நிலையம் வேறெங்கே கிடைக்கும்?

புனர்வாழ்வுக்கு அனுப்பலாமே என்பீர்கள். வெலிக்கந்தைப் பக்கம் கந்தக்காடு நிலையத்தை நினைத்துப் பாருங்கள். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்தார், அடுத்து நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். அந்த மரணம் தொடர்பாகப் படையினரே கைதானார்கள். அதே வருடம் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் மொத்தமாகவே அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. திருத்தி 2023 ஜனவரியில் நிறைவேற்றினார்கள். போதைக்கு அடிமையாவது ஒரு நோய். நோயாளியைச் சீருடைக்காரரிடம் ஒப்படைத்துக் காலையில் ஓட விட்டால் நோய் குணமாகாது. அதற்கு வைத்தியர் வேண்டும், ஆலோசகர் வேண்டும், வெளியே வந்த பிறகு பின்தொடர ஒருவர் வேண்டும்.

இனி நமது சமூகத்துக்கு ஒரு வார்த்தை. யுக்திய நடந்தபோது நம்மிடையே பலர் கைதட்டினார்கள். ஜும்ஆவுக்குப் பிறகு பொலிஸாரை அழைத்துப் பொன்னாடை போர்த்திய ஊர்களும் உண்டு. அவர்களுடைய கோபம் எனக்கு விளங்குகிறது. மகன் வீட்டுத் தகரத்தையே கழற்றி விற்கும்போது எந்த வாப்பாவும் மனித உரிமை பற்றி யோசிக்க மாட்டார்.

ஆனால் 2019க்குப் பிறகு நடந்ததை நாம் மறந்துவிட்டோமா? அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் ஒரு கவிதைப் புத்தகத்துக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி, பத்தொன்பது மாதம் உள்ளே இருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அப்போது நாம் கேட்டது என்ன? விசாரணையின்றித் தடுத்து வைக்காதே, ஆதாரத்தைக் காட்டு, சட்டத்தரணியைச் சந்திக்க விடு. அந்தக் கோரிக்கை நியாயமென்றால் ஐஸோடு பிடிபட்ட பிள்ளைக்கும் அது நியாயம்தான். நமக்குப் பிடிக்காதவன் மீது சட்டத்தை மீறலாம் என்று அனுமதி கொடுத்தால், அடுத்த முறை அந்த அனுமதி நம் வாசலுக்கே திரும்பி வரும்.

அப்படியானால் வெளிநாட்டு உதவியே வேண்டாம் என்கிறீரா என்று கேட்கலாம். இல்லை. வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் நீதித்துறைக்கென்றே ஒரு திட்டத்துக்கு நிதி தருகிறது. அப்படிப்பட்டவை இன்னும் பெருக வேண்டும். ஒரு யதார்த்தத்தையும் கவனியுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, ஜூலையில் யு.எஸ்.எயிட் நிறுவனமே மூடப்பட்டது. உலகமெங்கும் அதன் சிவில் திட்டங்கள் முடங்கின. கொடுத்த கப்பல் கடலில் நிற்கும். ஆலோசகரின் சம்பளம்தான் முதலில் நிற்கும். ஆகவே முக்கியமானதை உதவியில் மட்டும் தொங்கவிடக் கூடாது. உதவி தொடங்கி வைக்கட்டும், வரவுசெலவுத் திட்டம் அதை ஏற்றுக்கொள்ளட்டும்.

2025 ஒக்டோபர் இறுதியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 'முழு நாடுமே ஒன்றாக' என்ற தேசிய வேலைத்திட்டத்தை ஆரம்பித்து வைத்தார். நல்லது. அதை நடத்துபவர்களிடமும் தூதுவர்களைச் சந்திக்கும் நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் கேட்க வேண்டியவை என்று எனக்குப் படுபவை இவை:

ஒன்று. பகுப்பாய்வு. கிழக்கிலும் வடக்கிலும் கிளை ஆய்வுகூடம், போதிய பகுப்பாய்வாளர்கள், அறிக்கைக்கு ஒரு காலக்கெடு. ஒரு ரோந்துக் கப்பலை வருடம் முழுக்க ஓட்டும் எரிபொருள் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய காசில்லை.

இரண்டு. சிகிச்சை. ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும், பொலிஸ் வாசல்படி ஏறாமல் ஓர் உம்மா தன் மகனைக் கூட்டிப்போகக்கூடிய ஒரு பிரிவு. தமிழில் பேசக்கூடிய ஆலோசகர்.

மூன்று. இலவச சட்ட உதவி. காசில்லாதவன் என்பதற்காக எவனும் உள்ளே இருக்கக் கூடாது.

நான்கு. பயிற்சிக்கு நிபந்தனை. பாரிய மனித உரிமை மீறலில் ஈடுபட்ட படைப்பிரிவுக்கு உதவக் கூடாது என்று அமெரிக்காவில் லேஹி சட்டம் இருக்கிறது. அந்தக் கேள்வியை அவர்கள் கேட்கும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? நமது பொலிஸ் ஆணைக்குழுவே கேட்கட்டும்.

ஐந்து. கணக்கு. எத்தனை கிலோ, எத்தனை கைது என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை வழக்கு முடிந்தது, எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள், எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் விடுபட்டு இருக்கிறார்கள் என்று வெளியிடுங்கள்.

பாடசாலையில் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். யார் வகுப்பில் தூங்கி விழுகிறான், யார் மூன்று நாள் வந்து இரண்டு நாள் வருவதில்லை, யாருடைய கையில் திடீரென்று புதுப் போன். தெரிந்து என்ன செய்வது? ஆலோசனை வழிகாட்டலுக்கென்று ஓர் ஆசிரியரின் பெயர் இருக்கும், ஆனால் அவருக்கு வாரத்தில் முப்பது பாடவேளை. பொலிஸில் சொன்னால் பிள்ளையின் வாழ்க்கை முடிந்தது. வைத்தியசாலைக்கு அனுப்ப அங்கே பிரிவு இல்லை. வீட்டில் சொன்னால் அடி, அல்லது "எண்ட புள்ள அப்படியில்ல." கடைசியில் இடாப்பில் சிவப்புக் கோடு போடுகிறோம். இந்த இடத்தில் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பொலிஸ் பொறுப்பதிகாரியைக் கூப்பிட்டுக் கூட்டம் போடும்போது, அதே மேசையில் ஒரு மனநல வைத்தியரையும் ஒரு சட்டத்தரணியையும் உட்கார வையுங்கள். விளக்கமறியலில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர், யாருடைய அறிக்கை எத்தனை மாதமாக வரவில்லை என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் போதும். அந்தப் பட்டியலோடு பாராளுமன்ற உறுப்பினரிடம் போனால் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்கள் ஊரில் இப்படி ஏதாவது நடக்கிறதா? சிகிச்சைக்கு நல்ல இடம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், தேவைப்படுகிற ஓர் உம்மாவின் கண்ணில் படட்டும். பிள்ளைகளின் பெயர்களை மட்டும் எழுதாதீர்கள்.

அல்லாஹ் நம் எல்லோருடைய பிள்ளைகளையும் பாதுகாப்பானாக.